கும்மிடிப்பூண்டியில் இறங்கிய கொடி

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். மணவாள நகரில் காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறினேன். பெரியபாளையம் வரை டிக்கெட் ஒன்றரை ரூபாய். அங்கே பஸ் மாறிக் கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி. மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும்.

எங்கள் கட்சியின் வார இதழுக்கு நான் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. தில்லிக் கூட்டணி அரசில் எங்களைப் போன்ற சின்னக் கட்சிக்கும் ஒரு துணை அமைச்சர் பதவி கிடைத்திருந்தது. முந்தைய வாரம் அவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலை விழாவுக்கு வந்து போயிருந்தார். "தொழிலாளர்கள் எப்படி வரவேற்றார்கள் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதும்" என்று ஆசிரியர் அனுப்பினார்.

கவரைப்பேட்டை வரை வேர்க்கடலைக் கொல்லைகளும் வறண்ட ஏரிகளும். அதைத் தாண்டியதும் ஆந்திரா லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. ஊரை நெருங்க நெருங்கப் பனைமரங்கள்கூடத் துருநிறத்தில் நின்றன.

ஆலை வாசலுக்கு எதிரே ஒரு கீற்றுப் பந்தல். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆள் தில்லிக்குப் போனால் அவர்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று தேர்தலின்போது கட்சி சொல்லியிருந்தது. எங்கள் கட்சித் தொழிற்சங்கத்தின் கிளைத் தலைவர் முனிரத்தினம் எழுந்து வந்தார்.

"வாங்க சார். நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு. அமைச்சர் வந்தாராமே?"

"வந்தாரு. காலையிலேர்ந்து மாலைய வெச்சிக்கினு நின்னோம். காரு கிட்டக்க வந்திச்சி. கண்ணாடிய ஏத்திக்கினாரு."

"கவனித்திருக்க மாட்டார்."

சோற்றுத் தூக்கோடு நின்ற அவர் மனைவி வரலட்சுமி குறுக்கிட்டார். "இன்னா சார் கவனிக்கல? என்னைப் பாத்துட்டுத்தான் ஏத்தினாரு. ஓட்டு கேக்க வந்தப்போ எங்க ஊட்லதான் துன்னாரு."

கூட்டணியில் பெரிய கட்சியை அனுசரித்துத்தான் போக வேண்டும், அரசுக்குள்ளே இருந்தால்தானே நமக்காகப் பேச முடியும் என்றேன்.

"பேசினாரா சார்?" என்றார் முனிரத்தினம். கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் குறிப்பேட்டை மூடிவைத்தேன்.

அவர் பந்தலின் பின்பக்கம் போய்ச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போதுதான் பந்தல் வாசலில் எங்கள் கட்சிக் கொடிக்கம்பம் வெறுமையாக நிற்பதைக் கவனித்தேன்.

"எறக்கிட்டோம் சார். தொவைச்சிக் காயவெச்சி மடிச்சி வெச்சிருக்கோம். கீழ போட மனசு வரல. நீங்களே எடுத்துக்கினு போங்க."

திட்டியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். வரலட்சுமி விடாமல் எனக்கும் சோறு போட்டார். கருவாட்டுக் குழம்பு. ஒருவர் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

மாலை நாலரைக்குத் திரும்பும் பஸ். பக்கத்தில் பொதட்டூர்பேட்டைக்குப் போகும் நெசவாளர் ஒருவர். என் மடியிலிருந்த பொட்டலம் மூலையில் கிழிந்து துணி கொஞ்சம் தெரிந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"கெட்டித் துணி சார். இன்னாத்துக்கு?"

கொடி என்று சொன்னால் எந்தக் கட்சி என்பார். அடுத்து அமைச்சரைப் பற்றிக் கேட்பார்.

"ஜன்னல் திரைக்கு" என்றேன்.

அவர் நம்பித் தலையாட்டினார். கீழே போட முனிரத்தினத்துக்கு மனசு வராத ஒன்றை, அதன் பெயரைச் சொல்லி மடியில் வைத்துக்கொள்ளக்கூட எனக்கு வாய் வரவில்லை.