மேல்மாடியில் பாலே

கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிப்பு நீர் வியாதி வாசல்வரை வந்துவிட்டது, தினமும் நடங்கள் என்றார்கள். எஸ்டேட்டில் அது நடக்காத காரியம். போர்டிக்சன் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. அங்கே ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி நான். கிராணியம்மா கைவீசி நடந்தால் வருகிற மோட்டார் ஒவ்வொன்றும் நிற்கும். "என்னங்கம்மா, கார் கெட்டுப்போச்சா? ஏறுங்கலா." உடம்புக்காக நடக்கிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. மூன்றாம் நாள் மேனேஜரே ஜீப்பை நிறுத்தினார். ஏறிக்கொண்டேன்.

அப்படித்தான் ஐம்பத்து மூன்று வயதில் பாலே நடனத்தில் சேர்ந்தேன். டவுனில், ரஹாங்கில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் வகுப்பு. பெரியவர்களும் சேரலாம், முன் அனுபவம் தேவையில்லை என்று போர்டு போட்டிருந்தார்கள். எனக்கு எந்த அனுபவமும் இல்லை. ஆகவே தகுதி இருந்தது. ஆசிரியை என் வயதில் பாதிகூட இல்லாத சீனப் பெண். சுவரோரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, குதிகால்களை ஒட்டிவைத்து, பாதங்களை இரு பக்கமும் விரித்து, முதுகு வளையாமல் முட்டியை மடக்கி எழ வேண்டும். முதல் மாதம் அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமில்லை; எட்டாவது தடவையில் தொடை கதறும். அடுத்து, எட்டு எண்ணும்வரை ஒற்றைக்காலில் நிற்பது. நான் மூன்றிலேயே சாய்ந்துவிடுவேன். கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பியானோ ஆரம்பித்து என் கை மெல்ல எழுந்து பக்கவாட்டில் விரியும்போது சந்தோஷமாக இருந்தது. அதற்கு வேறு பேர் எனக்குத் தெரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கோயில் திருவிழாவில் ஆடச் சொல்வார்கள்.

வகுப்பு செவ்வாய், வியாழன், சனி. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு டயாலிசிஸ் சென்டர். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கும் அதே செவ்வாய், வியாழன், சனிதான். இரண்டு இடத்துக்கும் வாசல் ஒன்றே. எங்கள் எஸ்டேட் லோரி டிரைவர் தன் மாமியாரை அங்கே கூட்டி வந்திருக்கிறார். முகம் வெளுத்து, கால் நடுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே வந்ததைப் பார்த்தாராம். தன் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் அவர் சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஆபிஸில் ஒரு ஃபைலைக்கூட என்னைத் தூக்கவிடவில்லை. மேனேஜர் என் எதிரில் குரலைத் தாழ்த்திப் பேசினார். கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்து திருநீறு கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள்.

அக்கா இருப்பது அம்பாங்கானில். காரில் அரை மணி நேரம். எங்களுக்குள் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. அவள் மகளின் கல்யாணக் கார்டில் அத்தனை சொந்தக்காரர் பெயரையும் ஜோடி ஜோடியாகப் போட்டிருந்தார்கள். கல்யாணம் ஆகாத என் பெயர் மட்டும் இல்லை. கேட்டதற்கு, "ஒத்தப் பேர எங்க போடுறதுன்னு தெரியல" என்றாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

இப்போது அடுக்குச் சட்டியோடு வாசலில் நின்றாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

பாலே விஷயம் தெரிந்து திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"வாரத்துக்கு மூணு தடவையாமே?"

"ஆமா."

"வலிக்குதா?"

"மொதல்ல வலிச்சுச்சு. இப்பப் பழகிருச்சு."

"இன்னும் எவ்வளவு நாளைக்கு?"

"உசிரு இருக்கிறவரைக்கும் போலாம்னு இருக்கேன்."

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "ஒரு கிட்னியாச்சும் வேலை செய்யுதாடி?" என்று அவள் கேட்டபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

தெரிந்தே செய்த தப்பு அது. ஞாயிறு தவறாமல் அவள் வந்தாள். உப்பில்லாத குழம்பு, வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிய கீரை. ருசி என்று ஒன்றும் கிடையாது. தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எட்டு எண்ணும்வரை சாயாமல் நின்ற அன்றைக்கு, அதை முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் அதற்கப்புறம் அவள் வரமாட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவளே போன் செய்து என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். போனேன். சமையலறை மேசையில் ஒரு கிளினிக் கவரை வைத்தாள்.

"ரத்தம் பாத்துட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே குரூப். கூடப் பொறந்தவங்கன்னா பொருந்தும்னு டாக்டர் சொல்றாரு. ஒண்ணு நீ எடுத்துக்க. எனக்கு ஒண்ணு போதும்லா."

குழம்பிலிருந்து ஒரு கத்தரிக்காய் எடுத்து வைப்பதுபோலச் சொன்னாள்.

இதற்குமேல் மறைத்தால் நான் மனுஷியில்லை. எழுந்து போய் சிங்க் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஒட்டி, முட்டியை மடக்கி எழுந்தேன். "மயக்கமா?" என்று அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். இன்னொரு தடவை மடக்கி எழுந்தேன்.

"இதுக்குத்தாங்கா போறேன். மேல்மாடியில டான்ஸ் கிளாஸ். கீழ இருக்கிற சென்டருக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள்.

"அப்ப நீ சாகப்போறதில்லயா?"

"இப்போதைக்கு இல்ல."

"நான் தப்பா நெனச்சிருக்கேன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலாம். அவள் கவரை எடுத்து நான்காக மடித்து, மடிப்பை விரலால் நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"நீ சாகப்போறேன்னுதான்டி வெக்கத்த விட்டு வந்தேன்" என்றாள். "இனி என்ன சாக்கு சொல்லி வர்றது?"

"எனக்கும் பதினோரு வருஷமா ஒரு சாக்கும் கெடைக்கலக்கா" என்றேன்.