எரிநட்சத்திரம் எண்ணப் போன இரவு

1. கோடு விழாத பேப்பர்

மணி பத்து. பேப்பரில் ஒரு கோடுகூட இல்லை. இரண்டு பேர் எட்டு மணியிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

எழுபத்திரண்டு அக்டோபர், அமாவாசைக்கு மறுநாள். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் இயற்பியல் லேபில் நான் தற்காலிக அட்டெண்டர். அடுத்த ஜூனில் ஒரு நிரந்தர இடம் காலியாகப் போவதாக இருந்தது. எங்கள் பேராசிரியர் பரிந்துரைத்தால் கிடைக்கும், இல்லையென்றால் ஊரப்பாக்கத்தில் மாமாவின் சைக்கிள் கடைதான். இந்த நிலைமையில் அவர் என்னை மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்கு எரிநட்சத்திரம் எண்ண அனுப்பினார்.

விஷயம் இதுதான். வால் நட்சத்திரம் என்பது பனியும் தூசும் சேர்ந்த கட்டி. சூரியனை நெருங்கும்போதெல்லாம் உதிரும், சில சமயம் உடைந்தே போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்படி ஒன்று இரண்டாகப் பிளந்து, பிறகு ஆளே காணாமல் போய், அதன் தூள் ஒரு ராத்திரி எரிநட்சத்திர மழையாகக் கொட்டியதாம். இப்போது வேறொரு வால் நட்சத்திரம் உதிர்த்த தூசிக்குள் பூமி புகப்போகிறது, நூற்றுக்கணக்கில் விழும் என்றார் பேராசிரியர். அவர் கல்லூரி மொட்டைமாடியில், நான் கடற்கரையில்.

கூட வர வேண்டிய மாணவர்கள் இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல். எனவே குப்பத்தில் ஏழுமலையையும் அவர் மனைவி கன்னியம்மாவையும் பிடித்தேன். அவர் கடலுக்குப் போகிறவர், அந்தம்மா மீன் விற்பவர். விழுந்தால் ‘விழுந்தது’ என்று சொல்ல வேண்டும், கண் கூசாமலிருக்க டார்ச்சில் சிவப்புத் தாள் கட்டிக்கொண்டு நான் கோடு போடுவேன். பேப்பரை விட்டு நிமிரக் கூடாது என்பது எனக்கு உத்தரவு.

பொறுக்க முடியாமல் நிமிர்ந்தேன். வடக்கே ஒன்று நீளமாகக் கோடு இழுத்துப் போனது. இருவரும் சத்தமில்லாமல் திரும்பித் தென்னை மரத்தைப் பார்த்தார்கள்.

இப்போது ஒன்று விழுந்ததே என்று கேட்டேன்.

“வுழுந்துச்சி சார். அத்த வாயால சொல்லக் கூடாது. பச்ச மரத்த பாக்கணும்,” என்றார் ஏழுமலை.

முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“வானத்த பாக்கச் சொன்ன. பாத்துகினுதான் கீறோம்,” என்றார் கன்னியம்மா.

இதுவரை எத்தனை என்று இருவருக்கும் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இருட்டில் மரமே கறுப்பாகத்தானே இருக்கிறது என்று வாதாடினேன். அது மரத்துக்குத் தெரியும் என்று கன்னியம்மா முடித்துவிட்டார். கடைசியில் ஆளுக்கு ஒரு கை கிளிஞ்சல் கொடுத்தேன். பேச வேண்டாம், விழுந்தால் முதலில் பார்ப்பவர் ஒன்றைத் தகர டப்பாவில் போட்டால் போதும். இருவரையும் தென்னைக்கு நேரே வடக்கு பார்த்து உட்காரவைத்தேன். மரத்தைப் பார்த்தாலும் வானம் கண்ணில் படும். பன்னிரண்டு மணிக்குள் டப்பாவில் ஏழு கிளிஞ்சல் சேர்ந்தது.

2. நூறு

காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து லேபுக்கு வந்தேன். மொட்டைமாடியில் ஒரே மேகம், பேராசிரியர் எதையும் பார்க்கவில்லை. அவருக்கு இருந்தது என் பேப்பர் மட்டும். பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஏழு. எட்டிலிருந்து பத்து வரை கட்டம் காலி.

“அதுதான்யா உச்ச நேரம். கொட்டியிருக்கணும். ஒரு நூறு போடு,” என்று பேனாவை நீட்டினார்.

எனக்குப் பயமாக இருந்தது. ஜூன் மாதமும் சைக்கிள் கடையும் கண்முன் நின்றன.

“எண்ணல சார்,” என்றேன்.

“அப்ப பூஜ்யம் போடறியா?”

“பூஜ்யமும் எண்ணினாத்தான் சார் போட முடியும்.”

அவர் பேனாவை மூடவில்லை. நான் வாங்கி ‘எண்ணப்படவில்லை’ என்று எழுதினேன். ஒரு வாரம் அவர் என்னிடம் பேசவில்லை. அதற்குள் செய்தி வந்துவிட்டது. எரிநட்சத்திர மழை எங்குமே கொட்டவில்லை, அங்கங்கே கொஞ்சம்தான் விழுந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

ஜூனில் அந்த இடம் வேறொருவருக்குப் போனது. நான் மேலும் மூன்று வருடம் தற்காலிகம். அந்த மூன்று வருடமும், நிரந்தரமான அந்த ஆள் எடுத்த ரீடிங்கைப் பேராசிரியர் என்னிடம் கொடுத்து, மறுபடி எடுத்து வரச் சொல்வார்.

லேபில் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பார்க்காத நேரத்துக்குப் பூஜ்யம்கூடப் போடாதீர்கள். அந்த ஜூன் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அந்தக் கட்டத்தை நினைத்து ஒருநாளும் வலித்ததில்லை.