அப்பா அளக்காத மழை

எங்கள் ஊரைத் தாண்டித் திருப்பூருக்குப் போகும் ஓடையின் ஓரம், பனியன் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் இருக்கின்றன. அங்கே கட்டப்போகும் கரை எவ்வளவு உயரம் வேண்டும் என்று கணக்குப் போடும் வேலை எனக்கு வந்தது. எப்போதோ ஒருமுறை வரும் பெருமழையைப் பழைய மழையளவுகளை வைத்து மதிப்பிடுவதுதான் என் பிழைப்பு. சாதாரணத் தூறலெல்லாம் எனக்கு உதவாது. ஒவ்வொரு வருஷத்திலும் ஆகக் கொடிய நாள்தான் வேண்டும்.

எங்கள் ஊர் மழைமானியில் பல வருஷம் அளவெடுத்தவர் என் அப்பா. ஒரு ராத்திரி வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காலையில் வழக்கம்போல அளவெடுக்கப் போனவரை ஓடை அடித்துக்கொண்டு போய்விட்டது, மழைமானியையும் சேர்த்து. அதனால் எல்லாவற்றிலும் பெரிய மழைக்கு மட்டும் அளவே கிடையாது.

கூட வேலை செய்பவர் அந்த இடத்தில் பூஜ்ஜியம் போட்டிருந்தார்.

“ரீடிங் இல்லீங்க மேடம், அதான் ஜீரோ போட்டுட்டேனுங்க. ஒத்த நாளுதானுங்களே.”

பூஜ்ஜியமாம். என் அப்பா செத்த அன்று மழையே இல்லையாம். ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று எழுந்து வெளியே போய்விட்டேன். கோபம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்த ஒத்த நாள் பூஜ்ஜியமானால் கரை தாழ்ந்துவிடும். அப்புறம் அந்த லைன் வீடுகளில் தூங்குகிறவர்கள் கதி என்ன?

அந்த நாளைப் பற்றி அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை. எங்கள் ஊர் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. மழை வரும்போல இருந்தால் வாசல் நடுவில் போசியை வைத்துத் தண்ணீர் பிடிப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். அதைத்தான் கேட்டேன்.

“அன்னிக்குப் போசி வெச்சிருந்தியாம்மா?”

“வெச்சேன் கண்ணு. வெறும் போசியாத்தான் வெச்சேன். விடிஞ்சு பாத்தா ரொம்பி வழிஞ்சுட்டுக் கெடந்துச்சு.”

“அப்புறம்?”

“உங்கப்பாவத் தூக்கிட்டு வந்து போட்டாங்கல்ல. மூஞ்சியெல்லாம் சேறு. அந்தத் தண்ணியிலதான் கழுவுனேன்.”

அதற்கப்புறம் அம்மா அதில் சமைக்கவில்லை. பரணில் கிடந்த போசியை இறக்கி ஆழம் பார்த்தேன். அடியும் வாயும் ஒரே அகலம், அதனால் அதில் நிற்கும் தண்ணீரின் ஆழம்தான் பெய்த மழையின் அளவு. போசியின் ஆழம் ஒரு சாண். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். என் வேலையில் அப்படி விட முடியாது. வழிந்த பாத்திரம் மழை எவ்வளவு என்று சொல்லாது, இதற்குக் குறையாது என்று மட்டும் சொல்லும். எங்கள் கணக்குக்கு அதுவும் போதும். பூஜ்ஜியத்தை அழித்துவிட்டு அதைப் போட்டேன். கரை உயர்ந்தது.

“எவ்வளவுன்னு வந்துச்சு கண்ணு?” என்று அம்மா கேட்டாள்.

“ஒரு சாணுக்கு மேலம்மா. எவ்வளவு மேலன்னு தெரியாது.”

“உங்கப்பா இருந்திருந்தா கரெக்டாச் சொல்லியிருப்பாரு” என்றாள்.