டெடி ரூசெக்கின் சாசேஜ் கார்டு

லியோனா கிஸ்லக் வீட்டுக்குள் நுழைகிற யாராக இருந்தாலும் முதலில் கையைக் கழுவ வேண்டும். அவளுடைய நாத்தனார் ஹெலன் ஒரு தடவை டோநட் தின்ற கையோடு சாப்பாட்டு அறைச் சுவரைத் தொட்டுவிட்டாள். அதற்கப்புறம் ஆறு ஈஸ்டருக்கு அவளுக்கு அழைப்பே இல்லை. அந்தச் சுவர் முழுக்க டெடி ரூசெக்: டெடி படம் போட்ட பேஸ்பால் கார்டுகள், டெடியின் தொப்பி, டெடி கையெழுத்துப் போட்ட பந்துகள், டெடியின் கிழிந்த காலுறை ஒன்று. காலுறைக்குக்கூடக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தாள், மகராசி.

டெடி ரூசெக் என்றதும் ஏதோ பேர்போன ஆட்டக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் டூரன் ஊரில் சுரங்கத் தொழிலாளி மகனாகப் பிறந்து, பேஸ்பாலின் பெரிய லீகில் ஏழு வருஷம் இடது கையால் பந்து எறிந்தவர். ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் மட்டும் பதினாலு ஆட்டம் தோற்றார். அப்போது லியோனாவுக்கு ஒன்பது வயது. சுரங்கத்திலிருந்து வந்து ரேடியோ முன்னால் உட்காரும் அவள் அப்பா, டெடியையும் டெடியைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டித் தீர்ப்பார். நம்ம ஊர்க்காரனை நாமே திட்டினால் வேறு யார்தான் தாங்குவார்கள் என்று அந்தச் சின்ன வயதிலேயே அவளுக்கு ஆத்திரம். அப்போது பிடித்த பிடி, அறுபத்து நாலு வயதாகியும் விடவில்லை.

அத்தனை சேர்த்தும் ஒன்று மட்டும் அகப்படவில்லை. அதே ஐம்பத்து நாலில் ஸ்வொபோடா சாசேஜ் கம்பெனிக்காரன் பாக்கெட்டுக்கு ஒரு ஆட்டக்காரர் கார்டு வைத்து விற்றான், அதில் டெடி கார்டும் உண்டு. தனி உறையில் வைத்தானா? இல்லை. சாசேஜோடு சாசேஜாக, கொழுப்புக்குள்ளேயே முக்கி வைத்தான். எந்த மகானுபாவனின் யோசனையோ தெரியாது. பிள்ளைகள் அதைக் கால்சட்டையில் துடைத்தார்கள், அம்மாக்கள் அடுப்பில் போட்டார்கள், தப்பியதை எழுபத்திரண்டாம் வருஷத்து வெள்ளம் கொண்டுபோனது. முப்பத்தோரு வருஷமாக லியோனா அந்தக் கார்டைத் தேடினாள். இடையில் மூன்று பேர் பளபளவென்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவள் விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கறை எங்கப்பா? உங்க ஊர் சாசேஜ் பத்தியமா?" என்று கேட்டுத் துரத்திவிட்டாள்.

டெடி எங்கோ கண்காணாத தேசத்தில் இருந்தார் என்றும் இல்லை. பதினாலு மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில்தான் இருந்தார். இவள் கடிதம் எழுதுவாள், அவர் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். ஆனால் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. "எல்லாம் சேரட்டும், அப்புறந்தான் அவர் முகத்துல முழிப்பேன்" என்று ஒரு சபதம். அவள் புருஷன் செஸ்டர், சப்பாத்துத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர், வாய் செத்த மனுஷர். "அவருக்கு எண்பத்தி மூணு ஆகுது லியோனா, ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தார்.

போன செப்டம்பரில் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் நடந்த கார்டுச் சந்தையில், லோவெல் ஃபெங்க் என்கிற வியாபாரியிடம் அது இருந்தது. கறையோடு இருந்தது, நாலு மூலையும் கூராக இருந்தது. ஃபெங்குக்குக் காசு வேண்டாமாம், டெடியின் கையுறை வேண்டுமாம். லியோனா இருபத்திரண்டு வருஷம் எண்ணெய் தடவிப் பிள்ளை மாதிரி வளர்த்த தோல் கையுறை அது. இரண்டு மணி நேரம் வாதாடினாள். ஃபெங்க் அசையவில்லை, சாண்ட்விச் தின்றுகொண்டே உட்கார்ந்திருந்தான். கடைசியில் கையுறையைக் கொடுத்தாள். கார்டை நாலு மூலையிலும் திருகாணி போட்ட கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தாள். அடுத்த வியாழக்கிழமையே செஸ்டரைக் கார் ஓட்டச் சொல்லி முதியோர் இல்லத்துக்குப் புறப்பட்டாள். செஸ்டர் உள்ளே வரவில்லை, காரிலேயே ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

டெடி கூடத்தில் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். லியோனா பெட்டியை நீட்டினாள். அவர் அதை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"வெளிச்சம் பட்டு மின்னுது. ஒண்ணும் தெரியல. தொட்டியில மீனப் போட்ட மாதிரி எதுக்கும்மா அடச்சு வெச்சிருக்க? வெளிய எடு."

கார்டு சேர்க்கிற எவளும் செய்யாத காரியத்தை லியோனா அன்று செய்தாள். கைப்பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து, நாலு திருகாணியையும் கழற்றி, கார்டை வெறுங்கையில் கொடுத்துவிட்டாள். புத்தி அப்போது எங்கே போயிற்று என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

டெடி வெகு நேரம் பார்த்தார்.

"இந்த சாசேஜ்காரன் எங்களுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி சாசேஜ் குடுத்தான். கார்டு ஒண்ணுகூடக் குடுக்கல. எங்க வீட்டுல இருந்த போட்டோ எல்லாம் வெள்ளத்துல போச்சு. நான் பந்து எறியற மாதிரி ஒரு படம்கூட எங்கிட்டக் கெடையாது."

"அதான் காட்டலாம்னு…"

"ரொம்ப நன்றிம்மா. இவ்வளவு தூரம் கொண்டாந்து குடுத்தியே."

சொல்லிவிட்டுக் கார்டைச் சரிபாதியாக மடித்தார். நகத்தால் மடிப்பை ஒரு நீவு நீவினார். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டினார்.

லியோனா சுதாரிப்பதற்குள் டெடி நாற்காலியை உருட்டிக்கொண்டு சீட்டாட்ட மேஜைக்குப் போய்விட்டார். அங்கே டவுட்ரிச் என்று ஒரு பழைய குழாய் ரிப்பேர்காரர். இரண்டு வருஷமாக டெடியைப் புளுகன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

"பாருய்யா இப்ப. யாரு இது?" என்று டெடி கார்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

டவுட்ரிச் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இவனுக்குத் தலையில முடி இருக்கே."

"ஐம்பத்தஞ்சு வருஷம் முன்னாடி உனக்குந்தான் இருந்திருக்கும்."

டவுட்ரிச் லியோனா பக்கம் திரும்பினார். "ஏம்மா, நெசமாவே இந்தாளு பெரிய லீக்ல ஆடினாரா?"

கார்டைத் திருப்பிக் கேட்கத்தான் லியோனா வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவளால் ஆகாது. "ஏழு வருஷம் ஆடினார். நூத்தி எண்பத்தோரு ஆட்டம். ஐம்பத்தி மூணு ஜூன்ல ஒரே வாரத்துல மூணு ஜெயிச்சார். வேற ஏதாவது தெரியணுமா?" என்று பொரிந்து தள்ளினாள். டவுட்ரிச் கார்டை இரண்டு கையாலும் பிடித்து டெடியிடம் திருப்பிக் கொடுத்தார். டெடி அதை மறுபடி சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டியதைப் பார்த்த பிறகு எப்படிப் பிடுங்குவது?

காரில் ஏறியதும் செஸ்டர் கேட்டார், "காட்டினியா?"

"காட்டினேன்."

"கார்டு எங்க?"

"அவர் சட்டைப் பையில. மடிச்சு வெச்சுக்கிட்டார்."

"மடிச்சா?" நாற்பது வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவருக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியும். எஞ்சினை அணைத்தார். "நான் போய்க் கேக்கட்டுமா?"

"என்னன்னு கேப்ப? உங்க படத்த உங்ககிட்ட இருந்து வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்னா?"

"அப்ப அந்தக் கையுற போனது போனதுதானா?"

"வாய மூடிட்டு வண்டிய எடுய்யா."

அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழனும் போனாள். இன்றைக்குக் கேட்டே விடுவது என்றுதான் ஒவ்வொரு தடவையும் கிளம்புவாள். இரண்டாவது வாரம் கார்டின் மேல் காப்பிக் கோப்பை வைத்த வட்டம். மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொடுத்து, இதற்குள் வையுங்கள் என்று கெஞ்சினாள். மூன்றாவது வாரம் அந்த உறைக்குள் காது மெஷின் பேட்டரி இருந்தது. கார்டின் பின்பக்கத்தில் டவுட்ரிச் ரம்மி கணக்கை, அதுவும் பேனாவால், எழுதி வைத்திருந்தார்.

"மிஸ்டர் ரூசெக், உலகத்துல இது மாதிரி மிஞ்சி இருக்கறதே நாலுதான்."

"நாலு இருக்குதுல்ல? பின்ன என்ன?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செஸ்டரின் தட்டில், கொழுக்கட்டை மாதிரி அவித்த பியரோகியை அவள் வைத்த வேகத்தில் வெண்ணெய் மேஜையெல்லாம் தெறித்தது. பாவம், அந்த மனுஷர் தான் செய்த தப்பு என்னவென்று தெரியாமல் விழித்தார்.

நாலாவது வியாழன் டெடி அவளைக் கண்டதும் தானாகவே பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். மடித்த இடத்தில் அது இரண்டாகப் போயிருந்தது. காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்திரியால், சரியாக முகத்துக்குக் குறுக்கே, நாலு சுற்றுச் சுற்றி ஒட்டியிருந்தார்.

"நர்ஸுகிட்டக் கேட்டு நானே ஒட்டினேன். இனி கிழியாது. எப்படி இருக்கு?"

கார்டு சேர்க்கிறவர்களுக்குத் தண்ணீர் பட்டதைக்கூட மன்னிக்க முடியும், பசை பட்டதை மன்னிக்க முடியாது. லியோனா பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சண்டை போடத்தான் வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அப்பா செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. சீட்டாட்ட மேஜையில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

டெடி பதறிப்போனார். கார்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கார்டை மடியில் போட்டுவிட்டு அவள் பக்கமாகக் குனிந்தார்.

"எதுக்கும்மா அழற? அது வெறும் காகிதம். நான் முழுசா இங்கதான உக்காந்திருக்கேன்."

லியோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நாலு வாரமாக வந்துபோகிறாள், அந்தச் சட்டைப் பையைத் தவிர வேறு எதையும் அவள் பார்த்ததே இல்லை. மனுஷருக்கு முகம் ஒட்டிப்போயிருந்தது. இடது கை விரல்கள் ஐந்தும் உள்பக்கமாக வளைந்து விறைத்திருந்தன. ஸ்பூன் பிடிக்க முடியாமல் சட்டை முன்பக்கமெல்லாம் சூப் கொட்டி உலர்ந்திருந்தது. அவள் நாற்காலியை இழுத்து நெருக்கமாகப் போட்டுக்கொண்டாள்.

"மத்தியானம் ஒழுங்கா சாப்ட்டீங்களா, இல்லையா?" என்று கேட்டாள். கோபம் இன்னும் தணியவில்லை.

"இங்க போடறதுக்குப் பேரு சாப்பாடா?" என்றார் டெடி.