தலையாட்டியும் ஹெல்மெட் கேமராவும்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் தலையாட்டி. யார் எதைச் சொன்னாலும் முழுவதும் கேட்டு முடிப்பதற்குள் தலை ஆடிவிடும். ஆலையின் புகைபோக்கியில் ஏறி விரிசலும் துருவும் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மேலதிகாரிகள் யாரும் மேலே ஏறியதில்லை. கீழே இருந்தபடியே எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மானேஜருக்கு ஆசை வந்தது. ஹெல்மெட் கேமரா வந்து இறங்கியது.

முதல் கேமரா செங்கல் கனம். அது முன்னால் இழுக்காமலிருக்க ஹெல்மெட்டின் பின்னால் ஓர் இரும்புத் துண்டு. முதுகுப் பையில் வீடியோ ரெக்கார்டர், இடுப்பில் பேட்டரி. "ஏறுறதுக்கு மட்டும் இடம் விட்டிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். மானேஜர் வாக்கி டாக்கியில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இவர் ஒவ்வொன்றுக்கும் மேலே நின்றபடி தலையாட்டினார்.

மாலையில் எல்லோரும் மானேஜர் அறையில் கூடி டி.வி.யில் படத்தைப் பார்த்தார்கள். வானமும் புகைபோக்கியும் மாறி மாறி மேலும் கீழும் போய்வந்தன. கணக்குப் பிரிவுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். மானேஜர் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது: கேமரா ஓடும்போது எக்காரணம் கொண்டும் தலையை ஆட்டக் கூடாது.

சுற்றறிக்கைக்கும் தலையாட்டிய மனிதர், வீட்டில் தலையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு பயிற்சியில் இறங்கினார். வேலை தேடுவதாகச் சொல்லி வந்து முன்னறையிலேயே குடியேறிவிட்ட மனைவியின் தம்பி, அப்போது பார்த்து எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மாமா, இன்னும் ஒரு ஆறு மாசம் இங்கயே இருந்துக்கிறேன். சரிதானே?"

தண்ணீர் தளும்பிவிடக் கூடாதே என்று இவர் ஆடாமல் அசையாமல் அவனையே பார்த்தார். அவன் இன்னொரு முறை கேட்டான். அதற்கும் அதே பார்வை. சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பயந்துகொண்டே சமையலறைக்குள் போனார். மனைவியின் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. "கூடப் பொறந்தவனாச்சே, என் வாயால சொல்ல முடியல. நீங்களாவது சொன்னீங்களே" என்றாள்.

தான் எதுவுமே சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் தட்டில் எடுத்துப் போட்ட நெய் தோசையைப் பார்த்ததும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

சில வருடங்களில் கேமரா விரல் அளவுக்குச் சுருங்கியது. முதுகுப் பை போனது, இரும்புத் துண்டும் போனது. ஹெல்மெட் தலையில் இருப்பதே சில சமயம் மறந்துபோகும். அப்படித்தான் ஒருநாள் இறங்கிய கையோடு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். தொழிலாளர் ஓய்வறையைத் தன் இரண்டாவது அறையாக்கிக்கொள்ளப் போவதாக மானேஜர் அறிவித்தார். "எல்லாருக்கும் சம்மதம்தானே?"

எல்லாத் தலைகளும் ஆடின. இவர் ஆட்டப் போன சமயத்தில்தான் கேமரா இன்னும் ஓடுவது நினைவுக்கு வந்தது. சுற்றறிக்கை சுற்றறிக்கைதானே. கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். இரண்டு கண் போதாதென்று கேமராவின் சிவப்பு விளக்கும் நெற்றிக்கண்ணாக முழித்துக்கொண்டு தன்னையே பார்ப்பதை மானேஜர் கவனித்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"சரி, இதை அப்புறம் பாத்துக்கலாம்."

வெளியே வந்ததும் கூட இருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஒரு வார்த்தை பேசாம சாதிச்சுட்டீங்கண்ணே."

"கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சுப்பா. அதான்."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்."

அதன்பிறகு எந்தக் கூட்டமானாலும் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இந்த ஆளை வெளியே விட்டுவைப்பது ஆபத்து என்று மானேஜர் ஒரு புதுப் பிரிவையே உண்டாக்கினார். தலை அசையாமைப் பயிற்சிப் பிரிவு. இவர்தான் அதற்குத் தலைவர். தனி அறை, மின்விசிறி, வாசலில் பலகை. நாற்காலியில் முதல்முறை சாய்ந்தபோது அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நாலு நாளில் பழகிவிட்டது.

பிறகு வந்தது தீப்பெட்டி அளவுக் கேமரா. அதை மாட்டிக்கொண்டு குதித்தாலும் படம் ஆடாது. ஆட்டத்தை அதுவே உள்ளுக்குள் சரிசெய்துகொள்ளும். பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் வகுப்பில் எழுந்து நின்றாள். "சார், கேமராவே எல்லாத்தையும் பாத்துக்குதே. அப்புறம் எதுக்கு இந்தப் பயிற்சி?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் பல நாளாகப் பயந்துகொண்டிருந்தார். அவளை மானேஜரிடமே அழைத்துப் போனார். மானேஜர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"பிரிவுன்னு ஒண்ணு இருக்கே. பயிற்சி இல்லாம பிரிவு எப்படிம்மா நடக்கும்?"

அந்தப் பெண் தலையாட்டினாள்.

வராந்தாவில் நடந்து வரும்போது அவர் குரலைத் தாழ்த்தி, "இப்ப ஆட்டினியே, இதுக்குத்தாம்மா பயிற்சி" என்றார்.

மறுநாளிலிருந்து அவள் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை.