ஆமென் அவர் பங்கு

எங்கள் வீட்டில் ஜெபம் என் வேலை, ஆமென் அவர் வேலை. யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை, கல்யாணமான புதிதில் தானாக அப்படி அமைந்துவிட்டது. கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போதும் ஜெபிப்பேன், கதவைப் பூட்டும்போதும் ஜெபிப்பேன். "ஆண்டவரே, இந்தச் சோறு குழையாம பாத்துக்கும்" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். வாயில் பேஸ்ட் நுரையோடு நின்றாலும் அவர் "ஆமென்" என்று குரல் கொடுப்பார். உன் அடுப்படியை விட்டு நகரக் கர்த்தருக்கு நேரமே இருக்காது என்று கேலி வேறு.

பகலில்தான் சிக்கல். எனக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு புடைக்கும் குடோனில் வேலை. அவர் படகேறி எறணாகுளம் போய், உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி பெயின்ட் அடிப்பார். கூடவே கயிற்றில் இறங்கும், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவரும் திண்டுக்கல் பக்கத்துத் தமிழர், எங்கள் சபைக்காரர். முறத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரருக்காக ஒரு வார்த்தை ஜெபிப்பேன். ஆமென் மட்டும் சொல்ல மாட்டேன். மாலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எல்லாத்துக்கும் சேர்த்து ஆமென்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராகும்.

போன மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள், காலையிலேயே வானம் இருண்டுவிட்டது. குடோனில் பகலிலும் விளக்கைப் போட்டோம். கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. கயிற்றில் இறங்குமுன் அவர் ஃபோனை அணைத்துப் பையில் வைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

"காத்தடிச்சா பணி நிறுத்துவாங்க, நீ பேடிக்காதே" என்றாள் பக்கத்தில் புடைத்துக்கொண்டிருந்த மலையாளி சேச்சி. "ஆமென் சொல்லி முடிச்சிடு, மனசு ஆறும்."

"உங்க முறத்தைப் பாருங்க சேச்சி" என்று எரிந்து விழுந்தேன். பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வரும். ஆமெனை நானே சொல்லிவிட்டால், இனி அதைச் சொல்ல அவர் வர மாட்டார் என்று நானே முடிவு கட்டியது போல் ஆகிவிடுமே.

வீட்டுக்கு வந்து சாயா போட்டு வைத்தேன். அது ஆறி ஆடை கட்டிய பிறகுதான் வந்தார். தலையிலும் கழுத்திலும் வெள்ளைப் பெயின்ட். செருப்பைக் கழற்றினார். ஆமென் வரவில்லை. துண்டை நீட்டியபடி நின்றேன்.

"அண்ணன் விழுந்துட்டாரு" என்றார். "போயிட்டாரு."

ஸ்தோத்திரம் என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. என் ஆள் வந்துவிட்டாரே என்ற நிம்மதிதான், வேறென்ன. விழுங்கிக்கொண்டேன். ஊரில் அந்த அண்ணனின் மனைவிக்கு அதற்குள் யாராவது சொல்லியிருப்பார்களா என்று அதன் பிறகுதான் நினைத்தேன்.

அவர் துண்டை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "கயித்தைக் கட்டினதும் எப்பவும் போல அண்ணன்தான் ரெண்டு பேருக்கும் ஜெபிச்சாரு. நான்தான் ஆமென் சொன்னேன்."

இப்போதும் அவருக்கு அதே வேலைதான். தினமும் காலையில் வாசலில் நின்று ஜெபிக்கிறேன். தலை குனிந்து கேட்கிறார். நான் முடித்ததும், ஆமென் சொல்லாமலே பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். மாலையில் செருப்பைக் கழற்றும்போது "வந்துட்டேன்" என்று மட்டும் சொல்கிறார். எனக்கு அது போதும்.

இதை எழுதும் இன்றும் மதியத்திலிருந்து காற்று. சாயா போட்டு மூடி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் வரவில்லை.