மூன்றாவது டேங்கின் குப்பிகள்

அந்த ஆஸ்பத்திரியின் உறைபனி அறைக்கு அவள்தான் ராணி. எல்லோருக்கும் டேங்க் அக்கா. காலையில் வந்ததும் ஒவ்வொரு டேங்கையும் திறந்து மரக்குச்சியை விட்டு எடுப்பாள். வெண்பனி எதுவரை படிகிறதோ அதுவரைதான் திரவ நைட்ரஜன். குறைந்திருந்தால் ஊற்றுவாள். உள்ளே யார் யாருடைய சினைப்பைத் துண்டுகளோ, என்றாவது பிள்ளை பெறலாம் என்ற நம்பிக்கையில் உறைந்து கிடக்கும்.

மூன்றாவது டேங்கில் அவளுடையதும் இருந்தது. பத்தொன்பது வயதில் ரத்தப் புற்றுநோய். மருந்து சினைப்பையைப் பொசுக்கிவிடும் என்று முன்கூட்டியே எடுத்துவைத்த ஆறு குப்பிகள். பிழைத்து எழுந்தவள் இந்த வேலைக்கே வந்து சேர்ந்தாள். தன் பொருளுக்குத் தானே காவல், இந்தக் கொடுப்பினை யாருக்கு வாய்க்கும்! கட்டிக்கொண்டவன் லாரி மெக்கானிக். வாய் சும்மா இருக்காது. மாலையில் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பான்.

"நம்ம வாண்டு எப்படி இருக்கு? குளிருதாமா?"

"ஸ்வெட்டர் கேக்குது," என்பாள்.

கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து, துண்டுகளைத் திரும்ப உடம்பில் வைக்க நாள் குறித்தார்கள். அதற்கு முன் ஒரு குப்பியை உருக்கிச் சோதித்தார்கள். டாக்டரம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் உட்காரச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"பழைய நோய் அதுக்குள்ளயே இருக்கும்மா. வச்சா உனக்குத் திரும்ப வந்துடும்."

"மத்த அஞ்சுல?"

"அதுலயும் இருக்குன்னுதான் எடுத்துக்கணும். அவசரமில்ல, இருக்கட்டும். யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க என்ன இருக்கிறது, மண்ணாங்கட்டி! ஆறு வருடமாக அவள் பார்த்துப் பார்த்து ஊற்றியது நோய்க்குத்தான். அன்று மாலை அவன் கேட்டபோதும் ஸ்வெட்டர் கேக்குது என்றே சொல்லிவைத்தாள்.

மறுநாள் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் துண்டுகள் வந்தன. எந்த டேங்கிலும் இடமில்லை. அந்தப் பெண்ணின் அம்மா வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். டேங்க் அக்கா தன்னுடையதை அழிக்கச் சம்மதிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள், கையுறையை மாட்டினாள், தன்னுடைய ஐந்து குப்பிகளையும் எடுத்துத் தட்டில் வைத்தாள். காலியான இடத்தில் அந்தப் பெண்ணுடையதை இறக்கி மூடினாள். தட்டில் பனி கரைந்து, நகத்தளவுத் துண்டுகள் தெரிந்தன. இத்தனை வருடத்தில் அப்போதுதான் அவற்றைக் கண்ணால் பார்க்கிறாள். பாவி, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மாலையில் அவன் வழக்கம்போலக் கேட்டான்.

"நம்ம வாண்டு எப்படி இருக்கு? குளிருதாமா?"

செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"இல்லங்க. இனிமே குளிராது."